டென்மார்க்குக்காரிக்காக அருந்தவன் பேசியது

அருந்தவனுக்குப் பேச்சுத்தான் தொழில். சிட்னியின் மேற்குப் பக்கத்து நீதிமன்றங்களில், ஆஸ்பத்திரிகளில், அகதி விசாரணை அறைகளில், தமிழ் தெரியாத அதிகாரிக்கும் ஆங்கிலம் தெரியாத சனத்துக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு இருபது வருசத்துக்கு மேலாக இருந்தவர். அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எதிரில் இருப்பவர் "என்னை அடித்தார்கள்" என்றால் மொழிபெயர்ப்பவரும் "என்னை அடித்தார்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். "இவரை அடித்தார்களாம்" என்று சொல்லக்கூடாது. இன்னொரு சட்டம், அறைக்குள் கேட்டது அறைக்குள்ளேயே கிடக்க வேண்டும். இரண்டையும் அருந்தவன் பிசகாமல் காப்பாற்றினார். வேலை முடிந்து வென்ட்வேர்த்வில் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றி, முகத்தைக் கழுவி, தேத்தண்ணியோடு பின்வளவில் போய் நிற்பார். "இண்டைக்கு எப்பிடி?" என்று மனைவி சுஜீவா கேட்டால் "வழமைதான்" என்பார். அதற்கு மேல் அவளும் கிண்டியதில்லை.

அந்த மனிதர் ஒருநாள் விசாரணை ஒன்றின் நடுவில் நின்றுவிட்டார். சாட்சி சொன்னவர் "படலை" என்றார். படலை என்றால் என்னவென்று அருந்தவனுக்குத் தெரியும். ஊரில் தன் வீட்டு வேலி வாசலில் இருந்த படலையே கண்ணுக்கு முன்னால் நின்றது. அதற்கான ஆங்கிலச் சொல் மட்டும் வரவில்லை. கையை அகல விரித்து, மூடி, திறந்து காட்டினார். அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு விசாரணையை வேறொரு நாளுக்குத் தள்ளி வைத்தார்கள்.

களைப்பு என்றுதான் முதலில் நினைத்தார்கள். மூளையைப் படம் பிடித்துப் பார்த்த டொக்டர் வேறு சொன்னார். வாதமில்லை, கட்டியுமில்லை. மொழி இருக்கிற பக்கம் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டு போகிறது. ஆளை அடையாளம் தெரியும், பாதை தெரியும், சாப்பாட்டின் ருசி தெரியும். வார்த்தை மட்டும் ஒவ்வொன்றாகப் போகும். நிறுத்த மருந்தில்லை. சுஜீவா பரமட்டாவில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். ஊராருக்கு வரப்போகிற கெட்ட செய்தியை அவர்களுக்கு முன்பே கண்ணாடிச் சில்லில் கண்டு பழகியவள். அன்றைக்கு டொக்டருக்கு முன்னால் தலையாட்டியவள், வெளியே வந்து கார் நிறுத்திய இடத்தை மறந்து நின்றாள். அருந்தவன்தான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

வருசம் திரும்புவதற்குள் அவருடைய பேச்சு "ஓம்", "அது", "அந்த இது" என்று சுருங்கிப்போனது. அதைவிடக் கொடுமை, மற்றவர்கள் பேசுவது அவருக்குத் தாங்கவில்லை. டீவியில் யாராவது கதைத்தால் காதைப் பொத்துவார். செய்தி, நாடகம், பாட்டு எல்லாவற்றுக்கும் சத்தத்தைக் குறைத்துவிட்டு வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் அதுவும் கோபமாகிவிடும்.

மகள் வினுஷா மெல்பேர்னில், கிளேட்டனில் ஆராய்ச்சி மாணவி. அவள்தான் போனில் சொன்னாள். "அம்மா, சவுண்ட்தானே ப்ராப்ளம்? ஆரம்பத்திலிருந்தே சவுண்ட் இல்லாத படம் போட்டுப் பாருங்கோ. சைலண்ட் மூவீஸ்."

முதலில் அவள் அனுப்பியது பகிடிப் படங்கள். விழுவதும் ஓடுவதும் ஆளையாள் அடிப்பதுமாக ஒரே பரபரப்பு. அருந்தவன் பயந்து எழும்பிப் போய்விட்டார். பிறகு வினுஷா எங்கேயோ தேடி டென்மார்க் நாட்டுப் பழைய படங்களைக் கண்டுபிடித்தாள். நூறு வருசத்துக்கு மேற்பட்டவை. கோப்பன்ஹேகனில் அவற்றைத் துடைத்துத் திருத்தி, உலகத்தில் யாரும் பார்க்கலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள்.

அந்தப் படங்களில் அவசரமே இல்லை. ஒரு பெண் அறைக்குள் வருவாள். தொப்பியைக் கழற்றுவாள். நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள். அவளுக்குப் பின்னால் கதவு திறப்பதும், யாரோ வந்து நிற்பதும், அவள் முகம் மாறுவதும் எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே நடக்கும். கமரா அசையாது. இரவுக் காட்சிக்குப் படம் முழுக்க நீலமாகிவிடும், விளக்கை ஏற்றினால் மஞ்சளாகும். சர்க்கஸ்காரி, போதகரின் மகள், கடனில் மூழ்கிய பிரபு, குதிரைப்படை வீரன். கதையெல்லாம் ஒரே கண்ணீர்தான். சுஜீவா சிறு வயதில் பார்த்த தமிழ்ப் படங்களுக்கு ஒன்றும் குறைந்ததல்ல.

"இதில ஒரு சங்கதி இருக்கு, அம்மா," என்று வினுஷா ஒருநாள் சொன்னாள். "ரஷ்யாக்காரருக்குச் சோக முடிவுதான் பிடிக்குமாம். அதால கொம்பனிக்காரர் சில படங்களுக்கு ரெண்டு என்டிங் எடுத்தவையாம். மற்ற நாடுகளுக்குச் சேர்ந்து வாழுறது, ரஷ்யாவுக்குச் சாகிறது."

"எங்களுக்கு எதை அனுப்புவினமோ," என்றாள் சுஜீவா. மகள் சிரிக்கவில்லை.

படங்களின் நடுவே வரும் எழுத்து அட்டைகள் டேனிஷ் மொழியில் இருந்தன. ஆங்கில அட்டை உள்ள ஒரு படத்தை ஒருமுறை போட்டபோது அருந்தவன் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, முடியாமல், அவளுக்குத் தன் முகத்தைக் காட்டாமல் திரும்பி இருந்தார். டேனிஷ் அட்டை என்றால் அந்த வெட்கமில்லை. அவருக்கும் விளங்காது, அவளுக்கும் விளங்காது. குறுக்கே கோடு கிழித்த பூச்சியம் போன்ற ஓர் எழுத்து அடிக்கடி வரும். அதைக் கண்டால் இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துச் சிரிப்பார்கள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு நேரம் ஒன்றாக இருந்ததில்லை.

பிறகு ஒருநாள் அந்த அதிசயம் நடந்தது. படத்தில் ஒரு பெண் பனியில் ஒரு வீட்டு வாசலில் நின்று ஏதோ கெஞ்சினாள். அருந்தவன் சோபாவின் விளிம்புக்கு நகர்ந்தார். முதுகு நிமிர்ந்தது. இரண்டு கையையும் முழங்காலில் வைத்தார். அந்தப் பெண் சொல்லி முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துவிட்டு, சுஜீவா பக்கம் திரும்பி, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார். "எனக்குக் குளிருகிறது. எனக்குப் போக இடமில்லை."

சுஜீவாவுக்கு மேல் சிலிர்த்தது. கதவடியில் நின்ற கிழவன் ஏதோ கேட்டான். அருந்தவன் அவனைப் பார்த்தார், மீண்டும் திரும்பினார். "உன்னுடைய ஆட்கள் எங்கே?"

அன்றிரவு மகளிடம் போனில் சொன்னாள். "அப்பா கதைச்சவர், பிள்ளை. முழு வசனம். இங்கிலீஷில." வினுஷா அழுதாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் மட்டும் கவனமாகப் பேசினாள். நெடுநாள் பழகிய தொடர்கள் சில நேரம் கடைசிவரை உள்ளே கிடக்கும், ஏதாவது தட்டினால் வெளியே வரும், அதைப் பார்த்து ஆள் திரும்பி வருகிறார் என்று நினைக்க வேண்டாம் என்றாள். சுஜீவா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படத்துக்கு வெளியே அவர் அவளை ஒரு தரமாவது பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்று காத்திருந்தாள்.

அவர் கூப்பிடவில்லை. படத்துக்குள் மட்டும்தான் பேச்சு.

கல்யாணி இந்த வீட்டுக்கு வரத் தொடங்கியது அதற்குக் கொஞ்சம் முன்பு. ஸ்டேஷனடிச் சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் அவிக்கிறவள். நாற்பது வயதிருக்கும். படகில் வந்தவள். அவளுடைய அகதிக் கோரிக்கையை எப்போதோ மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியில், இன்று அனுப்புவார்களா நாளை அனுப்புவார்களா என்று தெரியாமல் இருந்தாள். ஒருநாள் கடையில் சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்கும்போது, "அருந்தவன் அண்ணைக்குச் சுகமில்லையாமே, நான் ஒருக்கா வந்து பாக்கட்டோ அக்கா?" என்று கேட்டாள். அவரை எப்படித் தெரியும் என்று சுஜீவா கேட்கவில்லை. அவரைத் தெரியாத தமிழர் அந்தப் பக்கத்தில் குறைவு. கல்யாணி வந்து பார்த்தாள். அவர் முகத்துக்கு நேரே குந்தியிருந்து, "அண்ணை, என்னைத் தெரியுதோ?" என்றாள். அவர் "ஓம்" என்றார். எல்லாருக்கும் அதுதான் பதில். அவள் எழும்பிக் குசினிக்குப் போய்க் கிடந்த பாத்திரங்களைக் கழுவினாள். பிறகு ஞாயிறு தோறும் வந்தாள். அவள் அவரோடு இருக்கும் நேரத்தில் சுஜீவா சாமான் வாங்கி வருவாள், அல்லது சும்மா காருக்குள் இருந்துவிட்டு வருவாள்.

ஒரு ஞாயிறு மழை. சுஜீவா வெளியே போகவில்லை. மூன்று பேருமாகப் படம் பார்க்க இருந்தார்கள். டென்மார்க்கில் ஒரு மீன்பிடித் தீவு. ஒரு பெண்ணும் அவள் சகோதரனும் ஒரு சிறு வீட்டில் இருக்கிறார்கள். அவன் மேசையில் இருந்து சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு சீருடைக்காரர் உள்ளே வருகிறார்கள். அவன் எழும்பப் பார்க்கிறான். சாப்பிட்டு முடி என்று ஒருவன் கையால் காட்டுகிறான். அவன் சாப்பிடுகிறான். அவள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். சுவரில் தொங்கும் சின்னக் கண்ணாடியில்தான் அவள் முகம் தெரிகிறது.

அருந்தவன் விளிம்புக்கு நகர்ந்தார். கை முழங்காலுக்கு வந்தது. சுஜீவா கல்யாணியைப் பார்த்து, இனிப் பார் என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள். அவளுக்கு அது ஒரு பெருமை.

"பொழுதுபடுகிற நேரம் வந்தார்கள்," என்றார் அருந்தவன், அந்தத் தொழில் ஆங்கிலத்தில், ஏற்ற இறக்கமில்லாமல். "இரண்டு பேர். என் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிட்டு முடிக்க விட்டார்கள். அவன் கை கழுவினான். நான் துவாய் எடுத்துக் கொடுத்தேன். மெதுவாகக் கொடுத்தேன். மெதுவாகக் கொடுத்தால் ஏதாவது நடந்து அவனை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்."

படத்தில் துவாய் இல்லை. சுஜீவாவுக்கு அதைக் கவனிக்க ஒரு கணம் எடுத்தது. திரும்பிப் பார்த்தாள். கல்யாணியின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை சரிந்து மடியில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

"விசாரிக்க வேண்டும் என்று பிறகு என்னை இராணுவ முகாமுக்கு வரச் சொன்னார்கள். தம்பியைக் காட்டுவோம் என்றார்கள். நான் போனேன். காட்டவில்லை. மறுபடி வரச் சொன்னார்கள். மறுபடியும் போனேன். அங்கே எனக்கு நடந்ததை என் அம்மாவுக்கும் நான் சொல்லவில்லை." அவர் நிறுத்தினார். தண்ணீர் குடிக்கக் கொடுக்க வேண்டும் என்பதுபோல மேசைப் பக்கம் கையை நீட்டினார். "இங்கேதான் முதல்முதல் சொல்கிறேன்."

பிறகு அவர் அதைச் சொன்னார். எதையும் விடவில்லை. அந்த அறையில் இருந்த கட்டிலின் நிறத்தைக்கூட.

சுஜீவா பாய்ந்து ரிமோட்டை எடுத்தாள். "போதும், போதுமப்பா," என்று கத்தினாள். கல்யாணி கையை நீட்டி அவளைத் தடுத்தாள். "விடுங்கோ அக்கா. முடிக்கட்டும்." அவர் முடிக்கும்வரை அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்தப் பெண் கடற்கரையில், நீல இரவில், ஒரு படகுக்குப் பின்னால் தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். அருந்தவன் களைத்து, சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

குசினியில் வைத்துத்தான் கல்யாணி வாய் திறந்தாள். சட்டையைத் தண்ணியில் அலசிக்கொண்டே சொன்னாள்.

"என்ர விசாரணைக்கு அண்ணைதான் வந்தவர். எனக்கு அப்ப இங்கிலீஷ் ஒரு சொல்லுத் தெரியாது. நான் அழுதழுது சொல்லச் சொல்ல அவர் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர். பிறகு இல்லையெண்டு காயிதம் வந்திட்டுது. நம்பக்கூடியதா இல்லையாம்." தண்ணிக் குழாயைப் பூட்டினாள். "நான் என்ன நினைச்சனான் தெரியுமோ அக்கா? இவர் ஒழுங்காச் சொல்லேல்லை எண்டு. ஆம்பிளைதானே, அந்தக் கதையைச் சொல்ல வெக்கப்பட்டு விட்டிட்டார் எண்டு. அவரிட்டைக் கேக்கவேணும் எண்டுதான் இந்த வீட்டுக்கு வந்தனான். வந்து பாத்தால் மனுசனுக்குப் பேச்சே இல்லை."

"கல்யாணி," என்றாள் சுஜீவா.

"இப்ப எனக்கு இங்கிலீஷ் விளங்குது. அவர் ஒண்டும் விடேல்லை. நான் சொன்னபடியே சொல்லியிருக்கிறார்." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எல்லாத்தையும் கேட்டிட்டுத்தான் அந்த அதிகாரியள் இல்லையெண்டவை."

சுஜீவா அவளைக் கட்டிப் பிடிக்கப் போனாள். கல்யாணி மெல்ல விலகி, கைப்பையை எடுத்துக்கொண்டு, "போட்டு வாறன்" என்றாள். மழைக்குள் குடையில்லாமல் நடந்துபோனாள். அடுத்த ஞாயிறு வரவில்லை.

சுஜீவாவால் சும்மா இருக்க முடியவில்லை. பரமட்டாவில் சிறிதரன் என்று ஒரு வக்கீல், வினுஷாவோடு படித்த பொடியன். பேர் சொல்லாமல் அவனிடம் கேட்டாள். விசாரணையில் சொன்னதெல்லாம் உண்மை, மொழிபெயர்ப்பும் சரியாகத்தான் இருந்தது என்று இப்போது தனக்குத் தெரியும், அதைக் கொண்டு ஏதாவது செய்யலாமா என்று.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அன்ரி, மொழிபெயர்ப்புப் பிழையெண்டா ஒரு வழி இருந்திருக்கும். அதை வைச்சுத் திரும்பக் கேக்கச் சொல்லலாம். மொழிபெயர்ப்புச் சரியெண்டெல்லோ நீங்கள் சொல்லுறியள். அப்ப அந்த வழியும் இல்லை."

அவள் திரும்பிக் காருக்கு வந்து வெகுநேரம் திறப்பைப் போடாமல் இருந்தாள். கல்யாணி இத்தனை வருசமும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு நூலைத்தான். அருந்தவன் பிழை விட்டிருக்க வேண்டும் என்று அவள் நம்பியிருந்தாள். அவர் பிழை விடவில்லை.

வீட்டில் டீவியை நிறுத்தி வைத்தாள். இனி ஒரு வாயும் இந்த வீட்டில் திறக்க வேண்டாம் என்று நினைத்தாள். அருந்தவன் டீவிக்கு முன்னால் வந்து நிற்பார். கறுப்புத் திரையை விரலால் தட்டுவார். அவளைப் பார்ப்பார். ஒருநாள் தட்டித் தட்டி, நிலத்தில் குந்தியிருந்து குழந்தை மாதிரி அழுதார். அவள் படத்தைப் போட்டுவிட்டாள். வாசல் கதவைப் பூட்டி, யன்னல் சேலையை இழுத்துவிட்டுத்தான் போட்டாள்.

அவர் பேசினார். சர்க்கஸ்காரி பேசும்போது ஆனையிறவுப் பக்கத்து ஒரு தாயானார். குதிரைப்படை வீரன் மண்டியிட்டபோது கால் போன ஒரு பையனானார். "எனக்குப் பதினாறு வயது," என்றார். "நான் அந்தப் பங்கருக்குள் கடைசியாகப் போனேன்." எல்லாமே நான், நான், நான். இருபது வருசமும் "வழமைதான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியோடு பின்வளவில் நின்றவருக்குள் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். சுஜீவா ஒவ்வொருவரையும் கேட்டாள். அவர்களில் யாராவது ஒருவர் அருந்தவனாக இருக்குமா என்று காத்திருந்து கேட்டாள். அவருக்கென்று ஒரு பயம், ஒரு கோபம், தன்னைப்பற்றி ஒரு சொல். மற்றவர்களின் வார்த்தைகள் ஆழத்தில் பத்திரமாகக் கிடந்தன. அவருடையவைதான் மேலே கிடந்து முதலில் போயிருந்தன.

"நான் ஆர்?" என்று ஒரு மத்தியானம் படத்துக்குக் குறுக்கே போய் நின்று கேட்டாள். "இஞ்சருங்கோ. என்னைப் பாருங்கோ. நான் ஆர்?"

அவர் அவளைப் பார்த்தார். அன்பாகத்தான் பார்த்தார். முதுகை நிமிர்த்தி, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கதிரையின் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத யாருக்கோ ஆங்கிலத்தில் சொன்னார். "நான் யார்?"

அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

கோடை தொடங்கியபோது அவருடைய அந்தப் பேச்சும் குறைந்தது. வசனம் அரை வசனமானது. பிறகு "நான்" மட்டும் வந்தது. பிறகு படம் ஓடும், அவர் யன்னல் சேலையின் விளிம்பைப் பிடித்து மடித்து மடித்து விரிப்பார். வினுஷா வந்து இரண்டு கிழமை நின்றாள். பராமரிப்பு இல்லத்தில் இடம் கேட்க வேண்டும் என்ற பேச்சை அவள்தான் எடுத்தாள். சுஜீவா சண்டை போடுவாள் என்று நினைத்து இங்கிலீஷில் நிறையத் தயார்பண்ணி வந்திருந்தாள். சுஜீவா "சரி" என்றாள்.

இல்லம் லிட்கம் பக்கம். சுஜீவா வேலை முடிந்து ரயிலில் போய் அவருக்குச் சாப்பாடு தீத்திவிட்டு வருவாள். அவர் வாயைத் திறப்பது இப்போது கரண்டிக்குத்தான்.

கல்யாணி மெல்பேர்னுக்குப் போய்விட்டாள் என்று கடையில் சொன்னார்கள். டான்டினோங்கில் யாரோ தெரிந்தவர்கள். சுஜீவா பலமுறை போன் அடித்தும் அவள் எடுக்கவில்லை. பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை, சுஜீவா இல்லத்திலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்து வரும்போது கல்யாணியே போன் அடித்தாள்.

"அண்ணை எப்பிடி, அக்கா?"

"இருக்கிறார். நீ?"

"இருக்கிறன்." பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். "பழம் அடுக்கிற இடத்தில வேலை. கை தான் நோகுது."

"விசா விசயம்?"

"புதுசா ஒண்டும் இல்லை. கேக்கிறதையும் விட்டிட்டன்." கொஞ்சம் பொறுத்து, "அக்கா, அண்ணை இப்பவும் அந்தப் படங்கள் பாக்கிறவரோ?" என்றாள்.

"இல்லை."

"கதைக்கிறவரோ?"

"இல்லையம்மா. ஒண்டும் இல்லை."

கல்யாணி "ம்ம்" என்றாள். நிம்மதியா துக்கமா என்று சுஜீவாவுக்குப் பிடிபடவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. எதற்கு என்று யோசித்தாள். அருந்தவன் தன் வேலையைச் சரியாகச் செய்ததற்கா? அந்தப் பக்கம் யாரோ கல்யாணியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"இடைவேளை முடிஞ்சுது அக்கா," என்றாள் அவள். "வைக்கிறன்."